இல்லாத தங்கை

ரங்கூனில் இருக்கும் கணவரிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை என்று என்னோடு வந்த டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குப் புரையேறிவிட்டது. திண்டுக்கல் போகும் ரயில், மூன்றாம் வகுப்பு, பெண்கள் பெட்டி. நான் அப்போதுதான் அண்ணாந்து கூஜாத் தண்ணீரை வாயில் ஊற்றியிருந்தேன். எதிரே இருந்த வெற்றிலைக்காரி என் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏழு மாசமா? கப்பல்ல போய்ப் பாத்துட்டு வர ஆளில்லையாம்மா?"

"யாரை அனுப்ப? மாமனாருக்குக் கண்ணு தெரியாது," என்றார் அவர். குரல் இடறியது. வெற்றிலைக்காரி கூடைக்குள் கையை விட்டு ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். வேறு என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவருக்குக் கணவர் கிடையாது. கண் தெரியாத மாமனாரும் கிடையாது. நாங்கள் இருவரும் மதுரையில் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் பூகோளம், நான் கணக்கு. தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறிய வீட்டை எடுத்து, முன்பாதியில் அவரும் பின்பாதியில் நானும் குடியிருக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. தனியாக ஒரு பெண்ணுக்கு யாரும் வீடு விடமாட்டார்கள். இரண்டு பேர் என்றால் யோசித்துவிட்டு விட்டார்கள்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் கேட்டேன். "என்ன டீச்சர் இது?"

"அவ அழுதாளா, பாத்தீங்களா?"

"கண்ணு கலங்கிச்சு."

"கலங்கினாப் போதாது." பிளாட்பாரத்திலேயே நின்று யோசித்தார். "கப்பல்னு சொன்னதும் அவ நினைப்பு கப்பலுக்குப் போயிருச்சு. ரங்கூன் வேண்டாம். பக்கத்து ஊர்ல இருந்துக்கிட்டே லெட்டர் போடாத புருஷன்னு வச்சுரணும்."

அடுத்த மாதப் பத்திரிகையில் அவருடைய தொடர்கதை வந்தது. பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து மட்டும் அச்சாகியிருக்கும். எழுதுவது ஆணா பெண்ணா என்றுகூட வாசகர்களுக்குத் தெரியாது. அதில் ஒருத்தியின் கணவன் பன்னிரண்டு மைல் தொலைவில் இருந்துகொண்டு கடிதம் எழுதாமல் இருந்தான். கப்பலைக் காணோம். அந்த அத்தியாயத்தை நானே இரண்டு முறை படித்தேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பெண்கள் பெட்டிதான். பள்ளிக்கூடம் இரண்டு நாள் மூடினால் போதும், ஒரு காக்கித் துணிப்பையில் ஒரு சேலையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போடி, விருதுநகர், மானாமதுரை, ராமநாதபுரம். ஊரைப் பார்க்கப் போவதில்லை. பல முறை போன ஊரின் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பியிருக்கிறார். ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் எனக்குத் தந்துவிடுவார்.

"வெளியில மரம்தான் ஓடும். ஜனங்க உள்ளதான இருக்காங்க," என்பார். "வீட்டுல ஒருத்தி கதை கேக்கணும்னா அடுப்பை அணைச்சுட்டு வரணும். ரயில்ல அவளுக்கு வேற வேலையே இல்லை டீச்சர்."

அங்கே அவர் விதவையாக இருந்திருக்கிறார். நான்கு பிள்ளை பெற்றவராக, சீக்காளித் தாயை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருபவராக, சொத்துத் தகராறில் அண்ணனிடம் அடி வாங்கியவராக இருந்திருக்கிறார். எல்லாம் எழுதப்போகும் நாவலில் வருகிறவர்கள். முதலில் ஒரு முறை உயிருள்ள மனுஷியின் முன்னால் வாழ்ந்து பார்ப்பார். கேட்பவள் எங்கே முகம் சுளிக்கிறாள், எங்கே "அடப் பாவமே" என்கிறாள் என்று கவனிப்பார். அவள் ஒன்று கேட்டால் அதைப் பிடித்துக்கொள்வார். "மூத்தாரு குடிகாரராம்மா?" என்று கேட்டால், இவர் மனதில் அதுவரை இல்லாத, புருஷனின் அண்ணனான ஒரு குடிகார மூத்தார் அந்த நிமிஷமே பிறந்துவிடுவார். கேட்கிறவளுக்கே தெரியாமல் பாதிக் கதையை அவளே கட்டிக் கொடுத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் இல்லாவிட்டால் குருவி பார்க்கப் போவார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை குடும்பம் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது வாங்கிய, நாடகம் பார்க்கும் சின்ன இரட்டைக் கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு பக்கத்துக் கண்ணாடியில் கீறல். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றோரமாகவே மேற்கே கோச்சடை வரைக்கும் நடப்பார். வயலில் களையெடுக்கும் பெண்கள் கூடிக் கூடிச் சிரிப்பார்கள். அவர் லட்சியம் செய்யமாட்டார்.

தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒன்றாகத் தத்தித் தத்திக் கத்துவதைப் பார்த்துவிட்டு வந்து, ஒரே வீட்டில் ஏழு மருமகள்கள் ஒரே நேரத்தில் பேசும் அத்தியாயம் ஒன்றை எழுதினார். ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும் கொக்கைப் பார்த்து, வட்டிக்காரர் ஒருவரைப் படைத்தார். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு எங்கள் பள்ளிக்கூடத்து எழுத்தர், "இது எங்க சித்தப்பாவேதான்," என்று தலையில் அடித்துக்கொண்டார். எழுதியவர் அடுத்த அறையில் உலகப் படத்தை மாட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அவர்மேல் எனக்கு ஒரு முறை கடுங்கோபம் வந்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோது என் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். பதினோரு வயதில் கல்யாணம், பதின்மூன்றில் எல்லாம் முடிந்தது. கணவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. மாப்பிள்ளை அழைப்பில் புதுச் செருப்பு கடித்து, அவர் நொண்டி நொண்டி நடந்தது மட்டும்தான் ஞாபகம். நான் சொல்லி ஒரு மாதம் கழித்து, மானாமதுரை ரயிலில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்தச் செருப்போடு என் வாழ்க்கை முழுவதையும் டீச்சர் தன்னுடையதாகச் சொன்னார். கேட்ட பெண் வாய்விட்டு அழுதாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் பக்கத்துக் கதவில் வந்து நின்றார்.

"உங்க கதைதான். கேக்காம எடுத்தது தப்பு," என்றார். "ஆனா நீங்க அதைச் சொல்லும்போதுகூட அழலை டீச்சர். யாராவது ஒருத்தராவது அழ வேண்டாமா?"

நான் கதவை விட்டு விலகி அவருக்கு வழிவிட்டேன். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. என் கதை அவரிடம் இருந்தது. அவர் கதை எதுவும் என்னிடம் இல்லை. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம், அங்கே ஒரு அண்ணன் இருக்கிறார் என்று ஒரு முறை சொல்லியிருந்தார். அண்ணனிடமிருந்து கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. தபால்காரர் அவருக்குக் கொண்டுவந்தது பத்திரிகை ஆபீசு உறைகள் மட்டும்தான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை. நானும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது, புறப்பட்டபோது இருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்.

நான் சொல்ல வந்தது அவருடைய கடைசி நாவலைப் பற்றித்தான்.

ஒரு சித்திரை மாத ஞாயிறு. கோச்சடைத் தோப்பில் ஒரு குருவி "அக்கோ, அக்கோ" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு படி உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தது. அக்காக்குருவி என்று அங்கே சொல்வார்கள். அவர் கண்ணாடியை எடுக்கவேயில்லை. வெயிலில் நின்று கேட்டார்.

"தங்கச்சிதான் அக்காவைக் கூப்பிடுது. அப்ப, தொலைஞ்சது யாரு?" என்று என்னிடம் கேட்டார். "கூப்பிடறவளா, காது கேக்காத தூரத்துல இருக்கறவளா?"

அன்றைக்கே நாவல் உருவாகிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், வைகை மணலில், அந்தக் கூட்டத்தில் ஐந்து வயதுத் தங்கையின் கையை விட்டுவிட்ட ஒரு அக்கா. வாழ்நாள் முழுவதும் அவளைத் தேடுகிறாள். தொடர் ஆரம்பித்து மூன்று மாதத்தில் பத்திரிகைக்குப் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஆனால் முடிவு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. தங்கை கிடைக்கலாமா, கூடாதா? ரயிலில் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

விருதுநகரிலிருந்து மதுரைக்குத் திரும்பும் ரயில். எதிரே, விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டு அம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் தண்டட்டி, மடியில் ஓலைக்கொட்டான். இவர் ஆரம்பித்தார். அழகர் கூட்டத்தில் கையை விட்டது, தேடியது, அம்மா அந்த ஏக்கத்திலேயே செத்தது. அந்த அம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"எம்புட்டு வருசமாச்சு?"

"பதினஞ்சு, பதினாறு இருக்கும்."

"அந்தப் புள்ள... பச்சப் பாவாடையா கட்டியிருந்துச்சு?"

"ஆமா. பச்சைப் பாவாடைதான்," என்றார் இவர்.

"கழுத்துல கறுப்புக் கயிறு?"

"எங்கம்மாதான் கட்டிவிட்டாங்க."

அந்த அம்மாளின் கை கொட்டானின் விளிம்பைப் பிடித்து இறுக்கியது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. திருமங்கலம் வந்ததும் எழுந்தாள். இறங்குகிற நேரத்தில் திரும்பி, "எங்கன இருக்கீக?" என்றாள். அவர் ஏதோ ஒரு ஊரைச் சொல்லியிருப்பார். நான் முந்திக்கொண்டேன். "தல்லாகுளம். பெருமாள் கோயிலுக்குப் பின்னாடி டீச்சர் வீடுன்னு கேட்டாச் சொல்லுவாங்க," என்றேன். ஊரைக் கேட்டால் உண்மையைச் சொல்வதுதான் என் வழக்கம்.

வண்டி நகர்ந்ததும் அவர் என் கையைப் பற்றினார். "பாத்தீங்களா? இப்படி ஒருத்தி கேட்டதே இல்லை. பச்சைப் பாவாடை! எனக்குத் தோணவே இல்லை பாருங்க." முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலையில், அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்றாள். பக்கத்தில் இருபது வயதுப் பெண், இடுப்பில் ஒரு துணி மூட்டை. இரண்டு பேர் முகமும் சோறு தண்ணி காணாத முகமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டோம். அந்த அம்மாள் உட்காரவில்லை. பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாருக்கு டீச்சரம்மா, உங்க தங்கச்சி."

அவர் எழுந்து நின்றார்.

"எம் பேரு ஒச்சம்மா. திருமங்கலத்துக்கு மேக்க மூணு மைலு. எனக்குப் புள்ள இல்ல. அந்த வருசம் அழகரப் பாக்க வண்டி கட்டி வந்தோம். மணல்ல இது அழுதுக்கிட்டு நின்னுச்சு. போலீசுகிட்ட ஒப்படைச்சுருன்னு எம் புருசன் சொன்னாக. நாந்தான் முந்தானையப் போத்தி வண்டியில ஏத்திட்டேன். அழகரு குடுத்ததுன்னு அழகம்மான்னு பேரு வச்சேன். ஒருநாக் கேட்டுக்கிட்டு வருவாகன்னு நித்தம் பயந்தேன். யாரும் வரல. ரயில்ல நீங்க சொன்னீக." மூச்சு வாங்கியது. "பேரை மட்டும் கேக்கல. கேட்டா ஒத்துப்போயிருமேன்னு பயம். வீட்டுக்குப் போயும் ரெண்டு மாசம் மறைச்சேன். முடியல. போன வாரம் புள்ளகிட்டச் சொல்லிட்டேன். அம்மா செத்துப்போச்சுன்னீகளே, அந்தப் பாவமும் என்னையச் சேந்ததுதான். கூட்டிக்கங்க."

அழகம்மாள் தலை குனிந்து நின்றாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, அவரை, நெற்றி, மூக்கு, கை என்று பார்த்தாள். தன் ஜாடை எங்காவது இருக்கிறதா என்று தேடுகிற பார்வை.

ஒரு நிமிஷம் எனக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். உதடு ஒரு தரம் பிரிந்து மூடியது.

"அது கதை அம்மா," என்றார்.

"என்னது?"

"நான் கதை எழுதுறவ. எனக்குத் தங்கச்சியே கிடையாது. யாரும் தொலைஞ்சு போகலை. பச்சைப் பாவாடைன்னு நீங்கதான் கேட்டீங்க. நான் ஆமான்னேன்."

ஒச்சம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகள் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உன்னைய நான் பெக்கலன்னு எம் புள்ளகிட்டச் சொல்லிப்புட்டேனே தாயி. எட்டு நாளா ரெண்டு பேரும் ஒரு வாய்ச் சோறு எறங்காமக் கெடந்தமே. இதுக்கா? ஒரு கதைக்கா?"

அவர் குனிந்து அவள் தோளைத் தொடப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் அழகம்மாள் முதல் முறையாகப் பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

"அப்ப, என்னைய யாரும் தேடலையா?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். அவர் பின்னாலேயே பஸ் நிற்கும் இடம்வரை போயிருக்கிறார். ஒச்சம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை என்று வந்து சொன்னார். அன்று முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுதவில்லை. தொடருக்கு இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. பத்திரிகையிலிருந்து உறைமேல் உறை வந்தது. பிரித்துப் படிப்பார், பதில் போடமாட்டார். கடைசியில் கதாசிரியருக்கு உடல்நலமில்லை என்று இரண்டு வரி அச்சிட்டுத் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் கதை சொல்ல ரயில் ஏறவில்லை. அந்தப் பெண்ணைத் தேடியவர்கள் யாராவது இருந்தார்களா என்று தேட ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் போவார். ஆற்றங்கரை மண்டபங்கள், பழைய காவல்காரர்கள், பந்தல் போடுகிறவர்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்கள். பதினாறு வருஷத்துக்கு முந்திய சித்திரையில் ஒரு குழந்தையைத் தேடி யாராவது வந்தார்களா? போலீஸ் ஸ்டேஷனில் விரட்டினார்கள். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: "அந்தப் புள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" "ஒண்ணும் வேண்டாம். தெரிஞ்ச பொண்ணு," என்பார். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நானே ஒரு நாள் சொன்னேன். "அக்கான்னு சொல்லுங்களேன். வாயைத் திறப்பாங்க."

"மாட்டேன் டீச்சர்," என்றார். அடுத்த மண்டபத்தைப் பார்த்து நடந்தார். யாரையும் பேச வைக்கத் தெரிந்தவர், விலாசம் கேட்டு வந்தவரைப் போலத் திக்கித் திணறி நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்காது. அதனால் பல நாள் கூடவே போனேன்.

இரண்டு வருஷம் ஆயிற்று. ஆற்றின் வடகரையில் இருந்த ஒரு சத்திரத்தில் அந்தக் காலத்தில் மேற்பார்வை பார்க்கும் மணியமாக இருந்த பெரியவர் ஒருவர், மகள் வீட்டோடு இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். போனோம். டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே பெரியவர், "இலங்கைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூட்டம்தான?" என்றார்.

ஒரு கங்காணி, தோட்ட வேலைக்கு இருபது முப்பது பேரைத் திரட்டி, இலங்கைக்குக் கப்பல் ஏற்றும் மண்டபம் முகாமுக்குக் கூட்டிப் போகும் வழியில், அழகரைப் பார்க்க ஒரு நாள் தங்கினானாம். அன்றைக்கு ஒரு புருஷன் பெண்சாதியின் குழந்தை கூட்டத்தில் காணாமல் போயிற்று. மற்றவர்கள் கங்காணியோடு போய்விட்டார்கள். அவர்கள் இருவரும் போகாமல் தங்கினார்கள். சத்திரத்தில் மூன்று நாளுக்குமேல் யாரையும் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தால் காரணம் எழுத வேண்டும். "நான் எழுதி வச்சேன். அந்தப் பொம்பளை விடிஞ்சா மணலுக்குப் போயிரும். பொழுது சாஞ்சாத்தான் வரும். ஒம்பதாம் நாள் கங்காணி திரும்பி வந்து இழுத்துக்கிட்டுப் போயிட்டான்."

பழைய பதிவுப் புத்தகம் சத்திரத்து உள்ளறையில், எலி கடித்து, கட்டோடு கிடந்தது. தூசியில் தும்மித் தும்மிப் புரட்டினோம். இருந்தது. நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்று, ஆண் பெயர், "சம்சாரம் சகிதம்", ஒன்பது நாள் தங்கல். காரணம்: "ஐந்து வயதுப் பெண், பெயர் செல்லாயி, பச்சைப் பாவாடை, காணாமல் தேடுவதால்."

டீச்சர் அந்த வரியைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடாமல், அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த வரியை ஒரு தாளில் நான் பிரதி எடுத்தேன். ஊர் விலாசத்துக்கு எழுதினோம். அப்படி யாரும் இப்போது இல்லை என்று ஊர் மணியக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது.

தாளை எடுத்துக்கொண்டு அவர் தனியாகத் திருமங்கலம் போனார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், பேசியது நான், போகவேண்டியதும் நான்தான் என்றுவிட்டார். மாலையில் திரும்பினார். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒச்சம்மா வயல்ல இருந்தாங்க. அழகம்மா மட்டும்தான். கல்யாணம் ஆயிருச்சு. புருஷன் வீட்டோட மாப்பிள்ளையா வந்துட்டார் போல. மோர் குடுத்தா. எல்லாத்தையும் சொன்னேன். மணல்ல அந்தம்மா நடந்தது, ஒன்பது நாள், எல்லாம்."

"என்ன சொன்னா?"

"கடைசிவரைக்கும் கேட்டா. 'நல்லாச் சொல்றீக டீச்சரம்மா, கேக்க நல்லாருக்கு'ன்னா." பிறகு, "பச்சைப் பாவாடைன்னதும் சிரிச்சுட்டா. 'அது எங்காத்தா ரயில்ல சொல்லிக் குடுத்ததுதான்'னா," என்றார்.

"தாளைக் காட்டலையா?"

"காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிஞ்சாலும், கதை எழுதுறவ கையில இருக்கற தாள்தான டீச்சர் அது?"

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். இரண்டு மூன்று முறை சொன்னேன். கெஞ்சுவதுபோல் கையைப் பிடித்துத் தடுத்தார். "போதும். இன்னொரு தடவை அவளைக் கிளற வேண்டாம். அவ நிம்மதியா இருக்கா. நம்பாம இருந்தா நம்பாமலே இருக்கட்டும்."

அந்த மாதக் கடைசியில் வருஷப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். தஞ்சாவூரில் அண்ணனோடு இருக்கப் போவதாகச் சொல்லி, தெருப் பெயரும் கதவு எண்ணும் எழுதிக் கொடுத்தார். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பெண்கள் பெட்டியில் அன்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள் எந்த ஊர் என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சொன்ன பதில் இரைச்சலில் கேட்கவில்லை.

நான் எழுதிய மூன்று கடிதங்களும் அப்படி ஒரு தெருவே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தன. அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாமல், அவர் போன பத்து நாளிலேயே பள்ளிக்கூட விடுதியில் ஒரு அறைக்கு மாறிக்கொண்டேன். மாதாமாதம் பத்திரிகைகளைப் புரட்டி அந்த இரண்டு எழுத்தைத் தேடுவேன். யுத்தம் வந்தது, காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் மெலிந்தன. அந்த எழுத்துகள் எதிலும் இல்லை.

யுத்தத்தின் நடுவில் ஒரு முறை, பரீட்சை மேற்பார்வைக்காகத் திருமங்கலம் போயிருந்தேன். வேலை மதியத்தோடு முடிந்துவிட்டது. அவர் போகாதே என்றது மனதை உறுத்தியது. ஆனாலும் ஒரு வண்டி பேசி மேற்கே போனேன். அழகம்மாள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எனக்குப் பின்னால், வண்டிக்குள் பார்த்தாள்.

"அந்த டீச்சரம்மா வரலையா?"

"நான் மட்டும்தான் வந்தேன். அவங்க அன்னிக்குச் சொன்னது கதை இல்லைம்மா. நானும் கூட இருந்தேன். நான் கணக்கு டீச்சர், எனக்குக் கதையெல்லாம் சொல்லத் தெரியாது..."

"தெரியும்," என்றாள். "அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்."

உள்ளேயிருந்து ஒச்சம்மாள் வந்தாள். கூன் விழுந்திருந்தது. அவள்தான் சொன்னாள். வயலிலிருந்து வந்ததும், அந்த டீச்சரம்மா வந்து கதை சொல்லிவிட்டுப் போனாள் என்று மகள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். புள்ளைக்குப் பேருகூட வச்சிருக்காக, செல்லாயியாம், என்றிருக்கிறாள்.

"எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல தாயி. வண்டியில ஏத்துனதும் தம் பேரச் சொல்லி 'செல்லாயி வீட்டுக்குப் போகணும், செல்லாயி வீட்டுக்குப் போகணும்'னுதான் அழுதுச்சு. அந்தப் பேரு எனக்கும் எம் புருசனுக்கும் மட்டுந்தான் தெரியும். அவுக போய்ச் சேந்துட்டாக. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல."

"மறு மாசமே ரெண்டு பேரும் தல்லாகுளத்துக்கு வந்தோம்," என்றாள் அழகம்மாள். "பள்ளிக்கூடம் லீவுன்னாக. வீட்டுல வேற ஆளுக குடியிருந்தாக. எங்க போனாகன்னு அவுகளுக்குத் தெரியல."

அவள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவரைப்போல் சொல்ல எனக்கு வராது. அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அந்தப் பொம்பளை பேரு என்ன?" என்று கேட்டாள். சம்சாரம் என்று மட்டும்தான் எழுதியிருந்தது என்றேன். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "ஒம்பது நாளு," என்றாள், தனக்குள்.

வண்டி ஏறும்போது கூடவே வந்தாள்.

"அம்புட்டுத் தூரம் தேடிக் கண்டுபிடிச்சுக்கிட்டு வந்தவகளுக்கு, மோரக் குடுத்து, சிரிச்சு அனுப்பிட்டேன் டீச்சரம்மா. அவகளை ஒருக்கா வரச் சொல்லுங்க. எங் கையால ஒரு நேரம் சாப்புட்டுட்டுப் போகட்டும். நான் நம்புனேன்னு சொல்லுங்க. சொல்லுவீகள்ல?"

"சொல்றேம்மா," என்றேன்.

வண்டி நகர்ந்த பிறகும் நாலு எட்டு ஓடி வந்து, "மறந்துறாதீக," என்றாள்.

நான் மறக்கவில்லை. ஆனால் அவர் எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.